தேறுமா மாப்பிள்ளை?

மாமனார் போனில் கேட்ட கேள்விக்கு "தேறும் மாமா" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டான். எது தேறும், எதற்குத் தேறும் என்பதையெல்லாம் போனை வைத்த பிறகுதான் யோசித்தான்.

அவர் கேட்டது இதுதான். மாப்பிள்ளை இருக்கும் ஊரில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டருக்கு மூளையான ப்ராசஸர் ஒன்றை, எட்டு வருஷத்துப் பழசை, விற்கிறாராம். அதை வாங்கி ஓவர்கிளாக் செய்தால், அதாவது கம்பெனிக்காரன் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டால், தேறுமா?

ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தாள்.

"அப்பாவா? உன்கிட்டயா பேசினார்?"

அவள் கண் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி ஏழு மாதத்தில் மாமனார் மாப்பிள்ளையிடம் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க. காதலிக்கிறேன் என்று மகள் போய் நின்றபோதும் "உன் இஷ்டம்" என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. சம்மதிக்கிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள், மனசு விட்டுப்போனவர்களும் அதைத்தான் சொல்வார்கள். எது என்று தெரியாமல் அவள் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தாள். அவனோ, தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டியிருந்தான்.

இப்போது அவரே வலிய வந்து பேசியிருக்கிறார். சங்கடம் என்னவென்றால், மாப்பிள்ளைக்கு வேலை கம்ப்யூட்டர் கம்பெனியில்தான், ஆனால் கம்ப்யூட்டரில் இல்லை. அங்கே நாற்காலி, மேஜை வாங்கிப் போடுவது அவன் பொறுப்பு. ஒரு நாற்காலியைத் தூரத்திலிருந்து பார்த்தே எத்தனை மாதத்தில் கால் ஆடும் என்று சொல்லிவிடுவான். ப்ராசஸர் எந்தப் பக்கம் மேல் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லு. அப்புறம் பழையபடி வாங்க, உக்காருங்கதான்."

அப்பா எப்போது கம்ப்யூட்டர் வாங்கினார் என்று அவளுக்கும் புரியவில்லை. நான் கிளம்பி வந்த பிறகு பொழுது போகாமல் வாங்கியிருப்பார் என்றாள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

மாப்பிள்ளை ஆபீசில் டிகிரியைப் பிடித்தான். பழுதான கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணுகிறவருக்கு அங்கே அதுதான் பெயர். படித்து வாங்கிய டிகிரி அல்ல. எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் முதல் கேள்வியாக "எத்தனை டிகிரி சூடு?" என்று கேட்பார். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய ப்ராசஸருக்கு, அதை மாட்டுகிற மதர்போர்டும் பழசுதான் பொருந்தும். முடுக்கினால் கொதிக்கும். கொதிப்பை ஆற்றப் பெரிய கூலர் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற சாதாரணப் புது ப்ராசஸரே முடுக்காமல் அதை முந்திவிடும்.

மாப்பிள்ளை அன்று மாலையே போன் செய்து, வேண்டாம் மாமா என்று காரணங்களோடு ஒப்பித்தான்.

"சரி. உங்க இஷ்டம்," என்று மாமனார் வைத்துவிட்டார்.

மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வராதவர் வந்து கதவைத் தட்டினால் முகத்திலடித்தாற்போல் சாத்துவார்களா என்பது அவள் கட்சி. மூன்றாம் நாள் மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டு, வேண்டாம் என்றது பொதுவாகச் சொன்னது, மதர்போர்டைப் பொறுத்து மாறும் என்று மழுப்பினான். மாமனார் குரலில் உயிர் வந்தது.

"அதான் நானும் நினைச்சேன். நாளைக்குக் கூப்பிடறேன் மாப்பிள்ளை."

மறுநாள் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். வோல்டேஜை எவ்வளவு கூட்டலாம், காத்தாடி போதுமா, தண்ணீர் ஓடுகிற கூலர் வேண்டுமா என்று நாளொரு கேள்வி. மாப்பிள்ளை கேள்வியைக் குறித்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் மாமா என்று ஒருநாள் வாய்தா வாங்குவான். மறுநாள் மதியம் அவன் சாப்பாட்டு டப்பாவில் பாதி டிகிரியின் வயிற்றுக்குள் போகும், பதில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏறும். மாலையில் அதைப் பார்த்துப் படிப்பான். மறுமுனையிலும் காகிதம் சரசரக்கும். மாமனார் ஏதோ பார்சலைப் பிரிக்கிறார் என்று நினைத்துக்கொள்வான்.

ஒருநாள் சூட்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எவ்வளவு வரைக்கும் தாங்கும் மாப்பிள்ளை?"

"எண்பது டிகிரி வரைக்கும் பயமில்ல மாமா."

"இவளுக்கு மூணு வயசுல ஜுரம் நூத்திநாலு போச்சு," என்றார். "விடிய விடிய ஈரத்துணி மாத்திக்கிட்டே இருந்தேன். விடிஞ்சதும் எழுந்து பிஸ்கட் கேட்டா." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூலர் எதுன்னு சொன்னீங்க?" என்றார்.

மாப்பிள்ளை இதை மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். இவ்வளவு பெரிய பேச்சை அப்பா தன்னிடம்கூடப் பேசியதில்லை என்றாள். அன்றைக்கு மாப்பிள்ளைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை அருமையான உறவு முழுப்பொய்யின் மேல் நிற்கிறதே. கேள்விகளுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடலாம் என்று, நானே நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மாமா என்று வாக்குக் கொடுத்தான். தேறாது என்று ஆகிவிட்டால் கதை அதோடு முடியும்.

விற்கிறவர் ஒரு பல் டாக்டர். கிளினிக்கின் பின்னறையில், பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையே மாப்பிள்ளை கையில் கொடுத்து, ப்ராசஸரின் அடியில் ஆயிரத்துச் சொச்சம் கம்பி, ஒன்றுகூட வளையவில்லை, நன்றாகப் பாருங்கள் என்றார். கூட வந்த டிகிரி அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே மாட்டி முடுக்கினார். ஒரு கட்டத்தில் திரை அப்படியே உறைந்தது. மாப்பிள்ளைக்கு அப்பாடா என்றிருந்தது. டிகிரி வேகத்தை ஒரு படி இறக்கினார். அதன்பின் ஒரு மணி நேரம் பிசகாமல் ஓடித் தொலைத்தது.

ஒரே அச்சில் வார்த்தவைதான் என்றாலும் எது எவ்வளவு தாங்கும் என்பது முடுக்கினால்தான் தெரியும், இது கெட்டிக்கார ஜென்மம் என்று டிகிரி மெச்சினார். "ஆனாலும் வாங்காதே. வீண் செலவு."

மாப்பிள்ளை கூலரோடு சேர்த்து வாங்கிவிட்டான்.

"ஏன்யா?"

"முதல் நாளே தேறும்னு சொல்லிட்டேனே."

வாங்கியதும் புதுக் கவலை. வயதானவர் தானாக மாட்டப் போய் ஒரு கம்பியை வளைத்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாட்டித் தருகிறேன் என்று போன் செய்தான். மாமனார் திணறினார்.

"எதுக்கு மாப்பிள்ளை அலைச்சல்?"

"அலைச்சல் என்ன மாமா. நமக்குள்ள."

அதன்பின் மூன்று நாள் அவரிடமிருந்து கேள்வியே வரவில்லை. சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறார் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை எண்ணிக்கொண்டான். ப்ராசஸர் முதுகில் பட்டாணி அளவு பசை வைத்துத்தான் கூலரை உட்கார வைக்க வேண்டும் என்று டிகிரி சொல்லியிருந்தார். அவன் பிஸ்கட்டின் மேல் பற்பசை வைத்துப் பழகினான். டூட்டி முடிந்து பசியோடு வந்த மனைவி அதில் இரண்டைத் தின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டூட்டி. மாப்பிள்ளை மட்டும் பஸ் ஏறிப் போனான். மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். வாங்க, உக்காருங்க என்றவர், அவன் கையிலிருந்த ப்ராசஸர் பெட்டியைப் பார்த்ததும் பால் வாங்கி வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினார். முக்கால் மணி நேரமாகியும் திரும்பவில்லை.

"கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்கு அத்தை? மாமா வர்றதுக்குள்ள மாட்டிடறேன்."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டரா? இந்த வீட்ல ஏது மாப்பிள்ளை? உங்ககிட்ட பேசணும்னு அவருக்கு ஆசை. என்ன பேசறதுன்னுதான் தெரியல. தினம் காலைல லைப்ரரிக்குப் போய், கம்ப்யூட்டர் புஸ்தகத்தைப் பாத்து ஒரு கேள்வி எழுதிட்டு வருவார். இப்ப உங்க முகத்துல முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு, தெருமுனையில நின்னுக்கிட்டிருக்கார்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. பிடிக்காதவர் என்று இத்தனை நாள் நினைத்த மனிதர் மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. இனி மறைப்பானேன் என்று அவனும் கொட்டிவிட்டான். தனக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, தான் நாற்காலி வாங்கிப் போடுகிற ஆள், சொன்ன பதிலெல்லாம் இரவல் பதில்.

"அது அவருக்குத் தெரியாதா என்ன? கல்யாணப் பேச்சு எடுத்தப்பவே உங்க ஆபீஸ் வாசல்ல ஒரு நாள் பூரா நின்னு, நீங்க நாற்காலி இறக்கறதைப் பாத்துட்டு வந்தவராச்சே," என்றார் மாமியார். "ரெண்டு பேருக்குமே தெரியாத விஷயமாத் தேடித்தான் இதைப் பிடிச்சார். தெரிஞ்ச விஷயம்னா ஒரே நாள்ல பேசி முடிஞ்சிடுமாம்."