நாற்பத்திரண்டு டிகிரி

"முப்பதா!"

பயில்வான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். மேசைமேல் இருந்த வெந்நீர்த் தொட்டியின் முகப்பில் சிவப்பாக 30 என்று எரிந்தது. அங்கே 42 இருக்க வேண்டும். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவன் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். இப்போது ஊசி இல்லாமலே மயக்கம் வரும்போல் இருந்தது.

தொட்டிக்குள், ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்தின் கிருமிக் குடுவை. மூன்று வருட உழைப்பு.

"நாப்பத்திரெண்டுல இருக்கிற வரைக்கும் இதுங்க குரோமோசோமை நகலெடுக்கத் தொடங்காது. தொடக்கி வைக்கிற புரதம் அந்தச் சூட்டுல படுத்துடும்" என்று நேற்று அவர் சொல்லியிருந்தார். "மூணு மணிக்கு வந்து நானே முப்பதுக்கு இறக்குவேன். எல்லாம் ஒண்ணாத் தொடங்கறதை நான் பாக்கணும். முன்னாடியே தொடங்கிட்டா நடுவுல நிறுத்த முடியாது, புரியுதா?"

அவன் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "உங்க வேலையை நிரந்தரமாக்குற கடிதத்துலயும் நாளைக்குத்தான் கையெழுத்து."

இப்போது மணி இரண்டு. முகப்பைத் தட்டினான். கெஞ்சினான். எண் அசையவில்லை. தொட்டியைச் சூடாக்கும் கருவி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, தடித்த கையுறையோடு குடுவையை வெளியே எடுத்தான். தொட்டிக்குக் கீழே குப்புறக் கிடந்த ஒரு தாளை அதைச் சுற்றி, சட்டைக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

வைத்தவுடனேயே சுட்டது. நம் உடம்பில் இவ்வளவு சூடா என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டான். உடம்புச் சூடு முப்பத்தேழுதான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சூட்டைக் கூட்ட மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தான். நாலாவது சுற்றில் மனைவியின் போன் வந்தது.

"என்னங்க, கடிதம் வந்துடுச்சா? எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"வரும்... வை போனை."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"படி ஏறுறேன்."

"லிஃப்ட் இல்லையா?"

"இருக்கு!" என்று போனை அணைத்தான்.

வாசலில் வாட்ச்மேன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காய்ச்சலா? எவ்வளவு?"

"முப்பத்தொம்பதுன்னாரு டாக்டரு. ஏன் தம்பி?"

"நாப்பத்திரெண்டு வருமா?"

"வந்தா நான் எங்க இருப்பேன்!"

"சரி, இருக்கிறது போதும். கையைத் தூக்குங்க."

கால் மணி நேரம் அவர் கம்பளிக்குள் குடுவை இருந்தது. கிருமிகள் தொடங்கியிருக்குமோ, இல்லையோ? பயில்வான் மட்டும் சாமியை வேண்டத் தொடங்கிவிட்டான்.

"தம்பி, பாட்டிலு என்னவோ ஜில்லுனு இருக்கே" என்றார் வாட்ச்மேன்.

அவ்வளவுதான். குடுவையை உருவிக்கொண்டு ஓடினான். கழுவுமிடத்தில் வெந்நீர்க் குழாய் என்று நினைத்துத் திறந்தது பச்சைத் தண்ணீர்க் குழாய். அது குடுவையை முழுசாகக் குளிப்பாட்டியபோது வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது. துடைத்த பாதி துடைக்காத பாதியாகக் குடுவையைத் தொட்டிக்குள்ளேயே போட்டான்.

மேடம் உள்ளே வந்தார். முகப்பில் எரிந்த முப்பதைப் பார்த்தும் அசராமல் குடுவையைத் திறந்தார். அதுவே அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். திரையில் குட்டிக் குச்சிகளாகக் கிருமிகள். நகலெடுப்பு தொடங்கும் இடம் மட்டும் புள்ளியாக ஒளிரும்படி அவர் செய்திருந்தார். தொடங்காத கிருமியில் ஒரு புள்ளிதான் இருக்கும். பயில்வான் எண்ணினான். எங்கும் இரண்டு இரண்டு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிபோல, இரண்டும் ஆளுக்கொரு மூலைக்கு விலகின.

"தொடங்கிடுச்சு." மேடத்தின் குரல் மிகவும் மெதுவாக வந்தது. "யாரு இதைத் தொட்டது?"

கடிதம், மனைவி, எதிர்வீட்டு அக்கா எல்லோரும் அவன் கண்முன் வந்து நின்றார்கள்.

"யாரும் தொடல மேடம். தொட்டி பழுதாகி, தானா முப்பதுக்கு இறங்கிடுச்சு. நான் என்ன பண்ண முடியும்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அப்போது கதவருகே கம்பளி அசைந்தது. வாட்ச்மேன் கசங்கிய தாள் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பாட்டிலைச் சுத்தியிருந்த தாளை என் அக்குள்லயே விட்டுட்டு ஓடிட்டீங்க, விரிச்சுப் பாத்தா, நேத்து நீங்க போனப்புறம் இந்த அம்மா எழுதிக் குடுத்து நான் தொட்டியில ஒட்டுன சீட்டு: 'எண் காட்டும் பகுதி மட்டுமே பழுது, தண்ணீர் நாற்பத்திரண்டில்தான் இருக்கிறது, குடுவையை யாரும் வெளியே எடுக்க வேண்டாம்!'"