பெயரில்லாத அர்ச்சனைச் சீட்டு

நம்பர் அங்கிளைப் போல வாய் இறுக்கமான மனிதர் எங்கள் சிட்னி கிரவீனில் இதுவரை குடியிருந்ததில்லை. இனி வந்தால் அது முருகன் செயல்.

"அன்ரிக்கு முழங்கால் எப்படி இருக்கு அங்கிள்?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டால், "ஒரு ஆளுக்கு ஒரு கால் நோகுது. ஆரெண்டு சொல்ல ஏலாது" என்பார். அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அன்ரி நொண்டிக்கொண்டு வெளியே வந்து, "நான்தான் பிள்ளை" என்பார்.

வேலைதான் அவரை அப்படி ஆக்கியது. ஆஸ்பத்திரிப் பதிவையும் பள்ளிக்கூடப் பதிவையும் இணைக்கும் அலுவலகம். அங்கே பெயரைப் பார்ப்பவர் நோயைப் பார்க்கக்கூடாது. நோயைப் பார்ப்பவர் பெயரைப் பார்க்கக்கூடாது. அங்கிள் இரண்டாம் வகை. அவர் கண்ணுக்கு எல்லாரும் நம்பர்தான்; எங்களுக்கு அவர் நம்பர் அங்கிள்.

பத்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பிள்ளைகள் பலருக்குச் சின்னதிலேயே காதில் சீழ் வைத்துவிடுகிறது. டீச்சர் பேசுவது காதில் விழாது. பள்ளிக்கூடமோ அடங்காத பிள்ளை என்று எழுதிவைக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளியில் சேருமுன்பே காதைக் கவனிக்க வழி பிறக்கும். அந்த ஆய்வுக்கு எல்லாம் தயார். பூர்வகுடிப் பெரியவர்களின் குழு சம்மதிப்பதுதான் பாக்கி.

"முந்தி அவையளைக் கேக்காமலே எல்லாத்தையும் எழுதிப்போட்டினம். அவையின்ர பிள்ளையள். அவை ஓம் எண்டால்தான்" என்றார் அங்கிள்.

சொன்னாரே தவிர, இருப்புக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் மூன்று முறை புல் வெட்டினார். அவர் புல் தீர்ந்ததும் எங்கள் புல்லை வெட்டினார். குப்பைத் தொட்டியைத் தப்பான நாளில் இழுத்து வைக்க, அவரை நம்பித் தெருவே இழுத்து வைத்தது. கொஞ்சம் உட்காருங்களேன் என்றால், கதிரையில் இருந்தால் யோசனை வருகிறதாம்.

வெள்ளிக்கிழமை கோவிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுவது என் சேவை. அன்று அங்கிள் வந்து கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். யார் பெயருக்கு என்று கேட்டேன். தெரியாது என்றார். நட்சத்திரம்? அதுவும் தெரியாது.

"காதுக்கு எண்டு எழுதும்."

"பேர் இல்லாம சாமிக்கு எப்படித் தெரியும் அங்கிள்?"

"அவருக்குத் தெரியும் பிள்ளை. எனக்குத்தான் தெரியக்கூடாது."

சீட்டில் 'காதுக்கு' என்று மட்டும் எழுதினேன். இத்தனை வருடம் என் வீட்டு ஐந்து பேரின் பெயரை மட்டும் சொல்லிக் கும்பிட்டவள் நான்.

சம்மதம் வந்தது, கண்டுபிடித்ததை முதலில் அந்தச் சமூகத்துத் தாய்மாரிடம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது நியாயம் என்று கதிரையில் உட்கார்ந்த அங்கிள் அப்படியே தூங்கிப்போனார்.

இப்போது அவர் மெல்பர்னில், கிளென் வேவர்லியில் மகள் வீட்டில். போன வாரம் அந்த மகள் போனில் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு ஒரு ஒப்பரேசன் அக்கா. எதிலயெண்டு எங்களுக்கே சொல்லுறாரில்ல."

வெள்ளிக்கிழமை சீட்டை எடுத்த பிறகுதான் உறைத்தது. பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. வெறும் சீட்டைக் கொடுத்தேன். ஐயர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா?"

"எங்க அங்கிளுக்கு சாமி. முருகனுக்குத் தெரியும்."