வெள்ளிக்கிழமைக்கு ஒரு குழு

இனிமே உலகமே கவுந்தாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை செய்யறதில்லன்னு டில்லிபாபு முடிவு பண்ணிட்டான். அபிராமபுரத்துல மாடி மாடியா தண்ணி கேன் சுமக்கிற தோளுக்கு வாரத்துல ரெண்டு மணி நேரம் கேரம் போர்டு வேணாமா? ராயப்பேட்டை கிளப்புல அவனும் அன்வர் பாஷாவும் ஜோடி. மூணு மேட்ச் ஜெயிச்சா ஃபைனல். எல்லாமே வெள்ளிக்கிழமை.

ஒரே தடை பொண்டாட்டி ஜோதிலட்சுமி. வாரம் முழுக்க அவ தைக்கிற ப்ளவுஸையெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் பாண்டி பஜார் கடையில கொண்டுபோய்க் குடுக்கணும். அது டில்லிபாபு வேலை.

பொண்ணு காவேரி படிக்கிற ஸ்கூல் கேட்டுல ஒரு நோட்டீஸ். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர் தேவையாம். படிச்சதும் டில்லிபாபு மூளையில ட்யூப் லைட் ரெண்டு தடவ மின்னி எரிஞ்சுது.

"ஜோதி, என்னை ஸ்கூல் கமிட்டியில போட்டுட்டாங்கமே. இனிமே வெள்ளிக்கிழமை மீட்டிங்."

தையல் மெஷின் நின்னுச்சு. "உன்னியா? இன்னாத்துக்கு?"

"கட்டமைப்புப் பொறுப்பு. செவுரு, குழா, கக்கூஸ் கதவு."

"நம்ம வூட்டுக் குழா ஆறு மாசமா ஒழுகினு கீது."

"அது கமிட்டியில வராது."

"சரி, மீட்டிங்கு மாசத்துக்கு ஒரு வாட்டிதானே. மத்த வெள்ளிக்கிழமை?"

இத அவன் எதிர்பார்க்கல. நோட்டீஸ்ல படிச்சதெல்லாம் அள்ளி விட்டான். "மொத வெள்ளி கட்டமைப்பு. ரெண்டாவது கற்றல். மூணாவது சேர்க்கை, லீவு போடற புள்ளைங்க வூட்டுக்குப் போய் விசாரிக்கணும். நாலாவது எல்லாம் சேர்ந்து."

"அத்தினியும் நீயே பாக்கணுமா?"

"ஆள் இல்லமே."

"அஞ்சாவது வெள்ளி வந்தா?"

"அது... ஆலோசனைக் குழு."

"பெரிய ஆளுதான்யா நீ"ன்னு சொல்லிட்டு அவ மறுபடி மெஷின மிதிச்சா. நம்பிட்டா. டில்லிபாபு ஸ்ட்ரைக்கர பாக்கெட்டுல போட்டுக்கினு கிளம்பிட்டான்.

மூணாவது வாரம் ஆரம்பிச்சுது குழப்பம். எட்டாவது கேன் தோள்ல இருக்கும்போது ஸ்கூல் வாட்ச்மேன் அய்யாதுரை குறுக்க வந்தார்.

"பொறுப்பாளரே, கக்கூஸ் தாழ்ப்பாள் எப்ப மாட்டுவீங்க?"

"யார சொல்றீங்க?"

"உங்களத்தான். ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல பேர் போட்டுக்கீதே."

ஓடிப்போய்ப் பார்த்தான். கட்டமைப்பு: டில்லிபாபு. கற்றல்: டில்லிபாபு. சேர்க்கை: டில்லிபாபு. அதுக்கு மேல படிக்க அவனுக்குத் தெம்பு இல்ல. பொய் சொன்னது பொண்டாட்டிகிட்ட மட்டும். அது எப்படி கவர்மெண்டு வரைக்கும் போச்சு? ஊர்ல இன்னொரு டில்லிபாபு இருக்கானா? இல்ல, இவனே தூக்கத்துல எழுந்து கூட்டத்துக்குப் போய்ட்டு வரானா?

இல்லன்னு சொன்னா வீட்டுக்குத் தெரிஞ்சிரும். ஆமான்னு சொன்னா தாழ்ப்பாள் மாட்டணும். மாட்டினான். மறுநாள் ஃபிசாங்கற பொண்ணு ஏன் ஸ்கூலுக்கு வரலன்னு மூணு மாடி ஏறி விசாரிச்சான். கேன் இல்லாம அவன் மாடி ஏறினது வாழ்க்கையில அதான் மொத தடவ.

அப்புறம் ஹெச்செம் ஆஷா மேடம் போன் பண்ணாங்க. "சார், கடைசி வெள்ளி மூணு மணிக்குக் கூட்டம். எல்லாப் பொறுப்புக்கும் நீங்கதான் அறிக்கை படிக்கணும். லேட்டாகும், பரவாயில்லையா?"

அன்னிக்கு நாலு மணிக்குத்தான் ஃபைனல்.

"ராஜினாமா பண்ணிடு மச்சி"ன்னான் அன்வர் பாஷா.

"சேராத கமிட்டியில இருந்து எப்டி நைனா ராஜினாமா பண்றது?"

"பேரு கீதுல்ல, பேர எடு. வூட்டுல மட்டும் மூச்சு வுடாத."

டில்லிபாபுவுக்கு அவன அப்படியே கட்டிப்பிடிக்கணும்போல இருந்துச்சு. ஸ்கூலுக்கு வீட்டைக் காட்டணும், வீட்டுக்கு ஸ்கூலைக் காட்டணும், நடுவுல கேரம் ஆடணும். உக்காந்து எழுதினான்: 'வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் என் மனைவி தைக்கும் ப்ளவுஸ்களைக் கடையில் சேர்க்கும் குடும்பப் பொறுப்பு இருப்பதால் விலகுகிறேன்.'

கடைசி வெள்ளி மூணு மணிக்கு லெட்டரோட கூட்டத்துக்குள்ள நுழைஞ்சான். "என்கிட்ட இல்ல சார், தலைவர்கிட்ட குடுங்க"ன்னாங்க ஆஷா மேடம்.

தலைவர் நாற்காலியில ஜோதிலட்சுமி.

டில்லிபாபு வெளிய போய், இது ஸ்கூல்தானான்னு பார்த்துட்டுத் திரும்பி வந்தான்.

"இன்னாமே, நீ எப்டி இங்க?"

"மொத வெள்ளிக்கிழமை கொடய வுட்டுட்டுப் போய்ட்டியா, குடுக்கலாம்னு வந்தேன். மீட்டிங்கும் இல்ல, நீயும் இல்ல. மேடம்தான் தலைவரா நிக்க ஒரு அம்மா வேணும்னு தேடிக்கினு இருந்தாங்க. உன் பேர நான்தான்யா குடுத்தேன். நீதான் ஆள் இல்லன்னியே."

லெட்டர வாங்கி அவ சத்தமா படிச்சா. 'குடும்பப் பொறுப்பு'ங்கற இடத்துல ரெண்டு அம்மாங்க கண்ணத் தொடச்சுக்கினாங்க. ராஜினாமாவ ஏத்துக்கலாம்னு எல்லாக் கையும் மேல போச்சு. ஆஷா மேடம் தீர்மான நோட்டுல அந்த லெட்டர வார்த்தைக்கு வார்த்தை எழுதி நீட்டினாங்க. குழப்பத்துல டில்லிபாபு கையெழுத்து போட்டுட்டான். பாக்கெட்டுல போன் அடிச்சுக்கினே இருந்துச்சு, கூப்புட்டது அன்வர் பாஷா.

கையெழுத்து காயறதுக்குள்ள கணக்கு புரிஞ்சுபோச்சு. கமிட்டியில இருந்தா மாசத்துக்கு ஒரு வெள்ளிதான் போகும். விலகினா எல்லா வெள்ளியும் போகும்.

"தலைவரே, ராஜினாமாவ வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாங்கலாம். கூட்டத்துக்கு நீயே நேர்ல வந்து மனு குடுக்கணும். அடுத்த கூட்டம் அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை."

"கண்டிப்பா வரேன்."

ஜோதிலட்சுமி நோட்டப் பொறட்டிப் பார்த்தா. "எப்டிய்யா வருவ? அன்னிக்கு நீ பாண்டி பஜார்ல கீறன்னு தீர்மானத்துலயே கீதே."