பரீட்சைக் கூரையில் பாரம் அண்ணன்

மனிதர்களில் இரண்டே வகைதான் உண்டு என்று பாரம் அண்ணன் வைத்திருந்தார். காற்றில் பறக்கக்கூடியவர்கள், பறக்கமாட்டாதவர்கள். சாதி, படிப்பு, பதவி எதையும் அவர் கண்டுகொண்டதே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவரைப் போன்ற நிபுணர் கொல்லிமலையில் மட்டுமல்ல, ஆசியாவிலேயே கிடையாது என்று அடித்துச் சொல்வேன். என் உடம்பைப் பார்த்து வாழ்நாளில் மனதாரப் பாராட்டிய ஒரே ஆள் அவர் என்பதால் நான் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகப் பேசக்கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால், மலைமேல் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன வளாகத்துக்கு வணிகவியல் வாத்தியாராகப் போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அறுபதாவது வளைவில் காலை இட்லியை ஜன்னல் வழியாக மலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட் வாசலில் இறங்கிப் பெட்டிமேல் சாய்ந்து நின்றேன். காக்கி டவுசரும் தலைத்துண்டுமாக ஒருவர் வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றினார். சந்தையில் மாடு பிடிக்கிறவர்களின் பார்வை.

"ஏனுங்க சார், எத்தன கிலோ இருப்பீங்க?"

"தொண்ணூற்றிரண்டு."

"சாப்பாட்டுக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா?"

இட்லியின் கதையைச் சொன்னேன்.

"அப்பத் தொண்ணூத்தி மூணே வெச்சுக்கலாமுங்க. நெம்ப நாளா உங்கள மாதிரி ஒரு ஆளு இல்லாம இருந்துச்சுங்க" என்று சொல்லி, என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, போலீஸில் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் எங்கள் வளாகத்தின் தற்காலிக ஊழியர். பதினெட்டு வருடமாகத் தற்காலிகம். மோட்டார் போடுவது, மணி அடிப்பது, குழாய் அடைப்பு எடுப்பது, கூரையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். மலையில் தகரக் கூரையைக் காற்று தூக்காமலிருக்க மேலே கல்லும் மணல் மூட்டையும் ஏற்றி வைப்பார்கள். அதற்குப் பாரம் வைப்பது என்று பெயர். மற்றவர்கள் கூரையோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் நிறுத்தவில்லை. அலுவலகக் கோப்புகளின்மேல் ஓர் அம்மிக்கல்லை வைத்தார். அதைத் தூக்கச் சோம்பல்பட்டே நான்கு பேரின் விடுப்பு விண்ணப்பம் ஒரு வருடம் கிடந்தது. அப்படித்தான் பாரம் என்ற பெயர் வந்தது. அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஆனால் பதிவேடும் அம்மிக்கு அடியில் இருந்தது.

அவருடைய பெரிய கவலை எங்கள் பிரின்சிபால் அம்மா. மொத்தமே நாற்பது கிலோ இருப்பார். ஆடிக்காற்றில் அந்த அம்மா மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம் இவர் இரண்டடி பின்னால், கைகளை விரித்தபடி, பறந்தால் பிடிக்கத் தயாராகப் போவார். ஒருமுறை பிரின்சிபால் கீழே பல்கலைக்கழகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். எங்கள் வளாகத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்கும் நேரம் வந்தது. மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கைப்பையில் கைவிட்டவர், ஓர் அரைச் செங்கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாரம் அண்ணன் காலையில் பையில் போட்டு அனுப்பியது. கூட்டம் அந்தச் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அன்றைக்கே நான்கு கம்ப்யூட்டர் கிடைத்தது. அதற்கப்புறம் அவரை வேலையை விட்டு அனுப்பும் பேச்சே எழவில்லை.

கடலுக்கும் எங்கள் மலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வருடம் கடலில் கிளம்பிய ஒரு பெரும்புயல் கரையோடு நிற்காமல் நேராக எங்களைப் பார்க்க வந்துவிட்டது. ஒரே பகலில் வகுப்பறைகள், நூலகம், பரீட்சைக் கூடம் எல்லாவற்றின் தகரமும் கழன்று பறந்தது. ஒரு தகரம் பலாமரத்தில் சிக்கியது. ஒன்று அரியூர் நாட்டு (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) வயலில் போய் இறங்கியது. ஒன்றைப் புளியஞ்சோலை ஓடையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்ததாக வதந்தி உண்டு. அந்தப் புயலில் ஓடையில் குளித்தவர்கள் யார் என்று நான் விசாரிக்கவில்லை.

என் குவார்ட்டர்ஸையும் சைக்கிள் ஸ்டாண்டையும் மேட்டுக்குப் பின்னால் இருந்ததால் காற்று விட்டுவைத்தது. மற்றபடி கேன்டீன் கூரை மட்டும் தப்பியது. ஏனென்றால் பாரம் அண்ணன் ஒரு மூட்டைக் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, கட்டிப் பிடித்துக்கொண்டு புயல் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"கேன்டீன் பள்ளத்தில் இருக்கிறது அண்ணே, காற்று அங்கே படாது. அதனால்தான் தப்பியது" என்று அறிவியல் பேசினேன்.

"கோழிக் கூண்டும் பள்ளத்துலதானுங்க இருந்துச்சு. அதெங்கீங்க இப்ப?"

கோழிக் கூண்டு எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான்காம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. பன்னிரண்டு நாளில் இறுதியாண்டுப் பரீட்சை. அதற்குள் கூடத்துக்குக் கூரை போடாவிட்டால், பரீட்சை மையம் மலையடிவாரத்துக்கு மாற்றப்படும். கூரைமேல் கற்கள் வைக்கக்கூடாது, மாணவர் தலையில் விழும். மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் நான்.

மற்ற மாணவர்களாவது எப்படியோ இறங்கிப் போய்விடுவார்கள். பூங்கொடியால் முடியாது. வாழவந்தி நாட்டுப் பெண், இரண்டாம் வருடம் படிக்கும்போதே கல்யாணமாகிவிட்டது, இப்போது எட்டாவது மாதம். மண் சரிந்து கிடந்த அந்த ரோட்டில், அந்த எழுபது வளைவில் இறங்கவே கூடாது என்று நர்ஸ் அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். மையம் கீழே போனால் பூங்கொடியின் படிப்பு இதோடு சரி. பிள்ளை பிறந்த பிறகு யார் மறுபடி அனுப்பப்போகிறார்கள்?

"நீ இங்கதான் எழுதற கண்ணு. நெல்லாப் படி" என்று பாரம் அண்ணன் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார். எதை வைத்துச் சொன்னார் என்று கேட்காதீர்கள். அப்போது கூடத்தின்மேல் வானம் மட்டும்தான் இருந்தது.

பறந்த தகரங்களைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். முதல் நாள் அரியூர் நாடு போனார். வெறுங்கையோடு திரும்பினார். சரியாகச் சொன்னால், ஐந்து கிலோ கிழங்கோடு.

"தகரம் எங்கே அண்ணே?"

"ஒரு மாட்டுக் கொட்டாய்க்குப் போட்டிருந்தாங்க சார். பசு கன்னு போட்டிருக்குது. எப்படிங்க உருவறது?"

"அதற்கு ஒரு நாள் முழுக்க ஆகுமா?"

"கோணலாப் போட்டிருந்தாங்க. எறக்கி நேரா மாட்டிப் பாரம் வெச்சுட்டு வாரனுங்க."

அடுத்த நாள் இன்னொரு தகரத்தைத் தேடிப் போனார். அது ஒரு வீட்டின் சுவராக மாறியிருந்தது. அதற்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் ஒரு தகரத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மிளகு காயட்டும் என்று காத்திருந்து, காய்ந்ததும் அள்ளி மூட்டை கட்டிக் கொடுத்து, அடுத்த ஈடு கொட்டியதும் கிளம்பி வந்துவிட்டார். ஒரு வாரத்தில் மலையில் அத்தனை வீட்டுக்கும் கூரை சரியானது, எங்கள் கூடத்தைத் தவிர. எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாலை மரத்தடி வகுப்பு முடிந்து என் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கட்டிலில் படுத்தால் ஆகாயம் தெரிந்தது. கூடத்தின்மேல் தகரங்கள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

"உங்க ஊட்டுத் தகரம் அளவெடுத்தாப்பல இருந்துச்சுங்க சார். பத்தாததுக்குச் சைக்கிள் ஸ்டாண்டுது."

"நான் எங்கே அண்ணே படுப்பது?"

"கேன்டீன்லதானுங்க. அதுதான் பறக்காத கட்டடமாச்சுங்களே."

ஆக, தகரம் வந்தது. அதைச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி போல்ட் வரவில்லை. கீழே கடைக்காரர் கொடுத்தனுப்பிய மூட்டை, மண்சரிவில் நின்ற லாரியிலேயே இருந்தது. பழைய போல்ட்டுகளைத் தட்டி நிமிர்த்திப் பாதிக் கூரையை மாட்டினார். மீதிப் பாதி சும்மா கிடந்தது. பரீட்சைக்கு முதல்நாள் காற்று மறுபடி வலுத்தது. ஓரத் தகரங்கள் எழுந்து எழுந்து அடித்துக்கொண்டன.

"கல் வைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்" என்று கடிதத்தைக் காட்டினேன்.

வாங்கி இரண்டு முறை படித்தார். "ஆளு உக்காரக்கூடாதுன்னு எங்கீங்க போட்டிருக்குது?"

காலை ஒன்பதரைக்குக் கூரைமேல் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாரம் அண்ணன், கேன்டீன் மாஸ்டர், வாட்ச்மேன், பஸ் ஓடாததால் மலையில் மாட்டிக்கொண்ட ஒரு கண்டக்டர், மீதி ஏழு பேர் இவர் கூரை சரிசெய்து கொடுத்த வீட்டுக்காரர்கள். எல்லோரும் சுவருக்கு நேர்மேலே, ஓரத்தை அமுக்கியபடி. காற்று ஓரத்தில்தான் கைவைக்குமாம். பாரமும் சுவரில் இறங்கிவிடும், உள்ளே யாருக்கும் ஆபத்தில்லை. அசையக்கூடாது, இருமக்கூடாது, வெற்றிலை துப்பக்கூடாது என்று உத்தரவு. ஒரு விரல் நகர்ந்தாலும் தகரம் டமார் என்று கத்தும். கீழே இருபத்தாறு பேர் எழுத ஆரம்பித்தார்கள். நான் கண்காணித்தேன். மேலே பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

பத்தே முக்காலுக்கு ஜீப் சத்தம் கேட்டது. பறக்கும் படை. காப்பி அடிப்பதைப் பிடிக்க வரும் குழு. பஸ்ஸே வராத ரோட்டில் இவர்கள் மட்டும் எப்படி வந்தார்களோ. குழுத் தலைவர் இறங்கினார். ஜீப் ஓர் அங்குலம் உயர்ந்தது. என்னைவிட இருபது கிலோவாவது கூடுதல். வந்தவர் நேராகக் கூரையைத்தான் பார்த்தார்.

"என்ன சார் இது? மேல ஆள வச்சு பிட் எறக்கறீங்களா?"

"இல்லை சார். அவர்கள் வந்து..." என்று இழுத்தேன். மையம் ரத்து என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும். உள்ளே பூங்கொடி நான்காவது கேள்வியில் இருந்தாள்.

பாரம் அண்ணன் மேலேயிருந்து ரகசியக் குரலில் பதில் சொன்னார். "நாங்க பாரமுங்க சார்."

"ஏய்யா, விளையாடறியா? எறங்கு."

"எறங்குனாத் தகரம் போயிருமுங்க. சந்தேகமிருந்தா மேல வந்து சோதன போட்டுக்கோங்க."

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏணியில் ஏறினார். ஏணி என்னென்னவோ சொன்னது. அவர் மேலே கால் வைத்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. சட்டென்று குந்தி, இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். வடமேற்கு மூலை. அதுவரை விடாமல் அடித்துக்கொண்டிருந்த அந்த மூலை, பெட்டிப் பாம்பாக அடங்கியது.

பாரம் அண்ணன் கண்ணில் தண்ணீர் வராத குறை. "அப்படியே இருங்க சாமி. இந்த மூலைக்குத்தானுங்க ஆளு கெடைக்காமத் தவிச்சுட்டிருந்தேன்."

ஒன்றேகால் மணி நேரம் தலைவர் அங்கேயே இருந்தார். இறங்கக் கால் வரவில்லை. பக்கத்திலிருந்த கண்டக்டரின் சட்டைப்பையைச் சோதித்துப் பார்த்தார். ஒரு டிக்கெட் புத்தகம் இருந்தது. கேன்டீன் மாஸ்டர் சத்தம் வராமல் ஒரு வடையை நீட்டினார். வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குக் காற்று நின்றது. தலைவர் தட்டுத்தடுமாறி இறங்கினார். இறங்கும்போது தகரம் ஊரையே கூப்பிட்டது. உள்ளே எல்லோரும் திடுக்கிட்டுப் பேனாவை நிறுத்தினார்கள். பூங்கொடி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். தலைவர் வெட்கத்தோடு என் பதிவேட்டை வாங்கி, 'முறைகேடு இல்லை. கூரை பலமாக உள்ளது. நேரில் ஆய்வு செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறினார்.

காற்று நின்றதும் வெயில் வந்தது. மலை வெயில், சுள்ளென்று. பன்னிரண்டரைக்கெல்லாம் பாதிப்பேர் தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். முக்காலுக்குப் பூங்கொடி ஒருத்திதான் மிச்சம். இன்னொரு கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள். நான் வெளியே வந்து மேலே பார்த்தேன். பதினோரு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். முகமெல்லாம் வேர்வை. அந்தத் தகரத்தில் அந்நேரம் தோசை வார்த்திருக்கலாம்.

"காற்றுதான் நின்றுவிட்டதே அண்ணே. இறங்குங்கள்" என்று ஜாடை காட்டினேன்.

அவர் குனிந்து கிசுகிசுத்தார். "அந்தப் புள்ள இன்னும் எழுதிட்டிருக்குதுங்களே. எறங்குனாச் சத்தம் போடும். பயந்துக்கும்."

நான் உள்ளே போய்விட்டேன். அம்மிக்கல்லிலிருந்து தகரம் வரை அவரைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்து தொலைத்தது.

ஒரு மணிக்கு அவர் வழக்கமாக அடிக்கும் மணியை நானே அடித்தேன். பதினோரு பேரும் மடமடவென்று இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய பாரம் அண்ணன் காலை அகட்டி அகட்டி வைத்து வாசலுக்கு வந்தார்.

"எல்லாம் எழுதிட்டியா கண்ணு?"

"எழுதிட்டேனுங்க" என்றாள் பூங்கொடி.

"அப்பச் சரி. பைய நடந்து போ."

சாயங்காலம் கேன்டீனில் பெஞ்சு நிறைய உட்கார்ந்து எல்லோரும் டீ குடித்தோம். பாரம் அண்ணன் மட்டும் தூணோரமாக நின்று குடித்தார். துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்த மற்றவர்கள் தப்பித்தார்கள்; வெறும் டவுசரோடு அந்தத் தகரத்தில் வெந்த அவரால் அன்றைக்கு எதன்மேலும் உட்கார முடியவில்லை. யாரோ சிரித்தார்கள். நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.