தருவதாகச் சொன்ன சிறுநீரகம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. எல்லாக் கடிதத்தையும் 'இங்கு நலம்' என்றுதான் தொடங்குவேன். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லிவிடலாமென்று கூப்பிட்டேன். அண்ணி எடுத்து, "தம்பி, உங்கள நாங்க மறக்கவே மாட்டோம்" என்று அழுதார்கள். "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். முதலில் என் ரத்தத்தைப் பார்த்தபோது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரொம்பக் குறைவு, சிறுநீரகம் பிரமாதம் என்றார்கள். ரத்த வகையும் பொருந்திவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னேன், முடிவெட்டுபவரிடம் சொன்னேன், அவர் "எந்தப் பக்கம் சார் குடுக்கறீங்க?" என்று கேட்டு, அந்தப் பக்கம் மட்டும் கத்தரியை மெதுவாகப் போட்டார். அலுவலகத்தில் மேலாளர் கூட்டம் போட்டு என்னைத் தியாகி என்றார், நானும் மறுக்கவில்லை. பிறகுதான், தானம் தருபவருக்கு அந்தக் கிரியேட்டினினை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதாது, நிஜமாகவே அளக்க வேண்டுமென்று கூப்பிட்டார்கள். ஒரு கையில் மருந்து ஏற்றி, மறு கையில் விட்டு விட்டு ரத்தம் எடுத்து, சிறுநீரகம் அந்த மருந்தை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று பார்க்கிறார்கள். எனக்கு ஏற்றிய மருந்து, போக மனமில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததாம். "முதல்ல நல்லா இருக்குன்னீங்களே டாக்டர்?" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிரியேட்டினின் தசையிலேர்ந்து வர்றது சார். உங்க உடம்புல தசை எங்க இருக்கு? அதான் கம்மியா காட்டி நம்மள ஏமாத்திடுச்சு. தானத்தை விடுங்க, இனிமே நீங்களும் என்கிட்டயே வைத்தியத்துக்கு வரணும்."

அண்ணா, கொடுக்க முடியாமல் போனதுகூடப் பரவாயில்லை. கொடுத்துவிட்டவனைப் போல ஊரெல்லாம் நடந்தேனே, அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது. டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னையல்லவா நம்பியிருந்தீர்கள்.

அண்ணியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியமில்லை. அவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒன்றுக்கும் உதவாத தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அவள் சமையலை நீங்கள் குறை சொன்ன நாளிலிருந்து உங்களோடு பேசாதவள்தான். "போன வாரம் அக்கா வீட்டுக்குன்னு போனது ஆஸ்பத்திரிக்குத்தான். எல்லாத்தையும் அளந்து பாத்துட்டு என்னுது சரியா இருக்குன்னுட்டாங்க. உங்க அண்ணனுக்கும் பொருந்துதாம்" என்கிறாள். பேனாவை மறுபடி என் கையில் திணித்துச் சொல்கிறாள்: "சரின்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க அவர. எழுதினா போதும், பேச வேண்டாம்."