அரைக்கால் வெந்தயம்

சீத்தா கேம்ப், பம்பாய்–88
ரமலான் பிறை 18

மேலப்பாளையத்தில் இருக்கும் அன்பும் மதிப்பும் நிறைந்த உதுமான் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை மாப்பிள்ளை முகம்மது ஹனீப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கை ராபியாவும் மகள் மெஹராஜும் அல்லாஹ்வின் கிருபையால் நோன்பும் சுகமுமாக இருக்கிறோம். லாத்தாவும் பிள்ளைகளும் உங்கள் மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். நேற்றுச் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும், இன்று இப்படி உட்கார்ந்து சாவகாசமாகக் கடிதம் எழுதுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மானம் தப்பியது மச்சான். அல்ஹம்துலில்லாஹ். எப்படித் தப்பியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

போன கடிதத்தில் நீங்கள், "பொட்டப்புள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு மாப்ள, அது சோறு ஆக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் ரோஷத்தில், ஆக்கும் மச்சான், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியில் இந்த வருடம் எங்கள் முறை பதினேழாம் பிறை, அன்றைக்குக் கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் கஞ்சி காய்ச்சிக் காட்டுகிறேன், பிசகினால் பெருநாளோடு அவள் வகுப்பை நிறுத்திவிடுகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். தபாலில் போட்ட பிறகுதான் வீட்டில் சொன்னேன். மெஹராஜ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என் கிளாஸ வச்சுப் பந்தயம் கட்டிட்டீங்களே வாப்பா, பந்தயம் ஹராம்தானே?" என்றாள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் எனக்கும் ஒரு காரணம் இருந்தது. போன வருடம் எங்கள் முறைக்குக் காய்ச்சிய கஞ்சி தண்ணீராகப் போய்விட்டது. ஜமாத் செயலாளர் மன்சூர் அலி, "ஹனீப் பாய் கஞ்சியில முகம் பார்த்துத் தாடி சீவலாம்" என்று சொல்லி, அது மான்கூர்டு வரைக்கும் பரவி, பத்து மாதம் நான் தாடியைத் தடவாமல் நடந்தேன். வீட்டில் ராபியா காய்ச்சும் கஞ்சி இருக்கிறதே, அது உங்களுக்கே தெரியும், உங்கள் உம்மா கைப்பக்குவம். அந்தக் கஞ்சியை முந்நூறு பேருக்குப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மெஹராஜும் செம்பூர் வகுப்பில், கடைசிப் பரீட்சைக்கு, உம்மாவின் சமையல் அளவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் என்று ஒரு நம்பரைத் தட்டினால் போதும், அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று அதுவே பெருக்கிச் சொல்லிவிடும். ராபியா இருபது பேருக்கு அளவு சொன்னாள், மெஹராஜ் எழுதிக்கொண்டு போனாள், மறுநாள் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீளக் காகிதத்தில் முந்நூறு பேருக்குக் கணக்கு வந்துவிட்டது. எல்லாம் இங்கிலீஷ். அதைப் பார்த்ததுமே எனக்குக் கஞ்சி குடித்த திருப்தி.

நேற்று மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அந்தக் காகிதத்தைப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் பண்டாரி கரீம் பாட்சா கையில் கொடுத்தேன். சாமானெல்லாம் பள்ளிவாசல் அறையிலேயே மூட்டையாக இருக்கும். முறைக்காரர் அளவு சொன்னால் பண்டாரி அள்ளிப் போட வேண்டியதுதான். கரீம் பாட்சா முப்பது வருடம் கப்பலில் சமைத்தவர், இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாக இருக்கும் என்று நினைத்து, "இதுல உள்ளபடி அணுப் பிசகாமச் செய்யணும் பாய்" என்றேன். அவர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்து, மடித்து இடுப்பில் செருகி, "பார்த்துக்கிடுதேன்" என்றார். நான் தாராவியில் இருக்கும் தோல்பைப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

பட்டறையில் பை தைக்கும் ஆட்களுக்குக் காட்டிப் பெருமை அடிக்கலாம் என்று இன்னொரு பிரதியைக் கையோடு கொண்டு போயிருந்தேன். நாலரை மணிக்கு அதை விரித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக் கூட்டினேன். அரிசி 90 டம்ளர், சரி. வெந்தயம் 15 டம்ளர். உப்பு 0.

மச்சான், எனக்கு நோன்பு பிடித்த மயக்கமோ என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சைபர்தான். பதினைந்து டம்ளர் வெந்தயம் போட்டு, ஒரு கல் உப்பும் இல்லாமல் என்றால் அது கஞ்சியா கஷாயமா? முந்நூறு பேர் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து முதல் வாய் வைக்கிற சாமான்! தாடி சீவலாம் என்றவர்கள் இந்த வருடம் என்ன சொல்வார்கள்! ஓடினேன். சயானில் பஸ் பிடித்தேன், செம்பூர் நாக்காவில் டிராபிக், பஸ் நின்றது நின்றதுதான், நான் கண்டக்டரிடம் ஜல்தி பாய் ஜல்தி என்கிறேன், அவன் மராத்தியில் என்னவோ சொல்கிறான், பஸ்ஸே சிரிக்கிறது, நான் தேவ்நார் வரைக்கும் ஓதிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து, "ஏளா, உம்மா வெந்தயம் எவ்வளவுன்னு சொன்னா?" என்று கத்தினேன்.

"அரை, கால்னு சொன்னாங்க வாப்பா. அரையும் காலும் சேர்த்து முக்கால்னு போட்டேன்" என்றாள் மெஹராஜ்.

ராபியா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "அரை, கால் இல்லளா, அரைக்கால்! காலுல பாதி!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தோல் வேலையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒன்றை ஒரு சூத் என்போம். அரைக்கால் என்றால் ஒரு சூத். பிள்ளை ஆறு சூத் போட்டிருக்கிறாள். தமிழ் படிக்க அனுப்பாமல் இந்தி ஸ்கூலுக்கு அனுப்பியது யார் என்று ராபியா கேட்டாள். நான் அதற்குள் போகவில்லை. "முக்கால்னா முக்கால்தானே பெருக்கணும், பதினஞ்சு எப்படி வந்துச்சு? உப்பு எங்க போச்சு?" என்று கேட்டேன். மெஹராஜ் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "கம்ப்யூட்டர் கட்டத்துல பாயிண்ட் புள்ளிக்கு இடம் விடல வாப்பா. முழு நம்பர்தான் நிக்கும். முக்கால ஒண்ணாக்கிட்டுது. உப்பு கால் டம்ளர், அத சைபர் ஆக்கிட்டுது" என்றாள். அதாவது மச்சான், அந்த மெஷினில் அரைக்கு மேலே இருக்கிறவன் முழு ஆள், அரைக்குக் கீழே இருக்கிறவன் ஆளே இல்லை. பம்பாய் மாதிரியேதான்.

ஒரு பொட்டலம் உப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினேன். ஏழு மணிக்குப் பத்து நிமிடம். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கஞ்சி இறக்கியாகி, தேக்சா அண்டாவெல்லாம் மூடிக் கிடக்கிறது. "பாய், உப்புப் போட்டீங்களா?" என்று காதில் கேட்டேன். "போட வேண்டியதப் போட்டாச்சு" என்றார் கரீம் பாட்சா. "ருசி பார்த்தீங்களா?" "நுனிநாக்குல வச்சுத் துப்பலாம்னு சட்டம் இருக்கு. ஆனா நான் நோம்பு நேரத்துல நாக்குல வச்சதே இல்ல" என்று பெருமையாகச் சொல்கிறார் மனிதர். மூடியில் கை வைத்தேன், அகப்பையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பத்து நிமிடம் நான் கேட்ட துஆவை ஹஜ்ஜில் கூட ஒருத்தன் கேட்டிருக்க மாட்டான்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன், கண்ணை மூடிக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன். மச்சான், உப்பு உப்பாக இருந்தது. வெந்தயம் இருக்கிற இடம் தெரியாமல் மணம் மட்டும் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகு என்று சமாளித்தேன். மன்சூர் அலி மூன்று கோப்பை குடித்தார். கூட்டம் கலைந்த பிறகு கரீம் பாட்சாவைப் பிடித்து, காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எனக்கு இங்கிலீசும் படிக்கத் தெரியாது, தமிழும் படிக்கத் தெரியாது பாய். கை அளவுதான். போன வருசம் அரிசியக் கொறச்சுப் போடச் சொன்னதே நீங்கதான். இந்தத் தடவ வாயத் தொறக்கல, அதான் நல்லா வந்துச்சு. வெறகு வேற ஈரம், பத்தவே மாட்டேன்னுச்சு, ஒங்க பேப்பரத்தான் அடுப்புல வச்சேன்" என்றார்.

ஆகக் கஞ்சி தப்பியது, கம்ப்யூட்டர் தோற்றது. வாக்குக் கொடுத்தவன் நான். பெருநாளோடு மெஹராஜ் வகுப்பை நிறுத்திவிடுகிறேன். நீங்கள் சொன்ன களக்காட்டு மாப்பிள்ளை விஷயமாகவும் பேசிப் பார்க்கலாம். மெஹராஜ் வகுப்புப் பையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். ராபியா என்னோடு பேசவில்லை. இன்று நோன்பு திறக்கத் தண்ணீர் மட்டும் தந்தாள். இருந்தாலும் மானம் பெரிது. உங்கள் எல்லோருக்கும் இந்தப் பெருநாள் பரக்கத்தாக அமைய துஆச் செய்யும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை
முகம்மது ஹனீப்

பி.கு. (பிறை 20): கடிதத்தை ஒட்டுவதற்குள் மன்சூர் அலி நாலு பேரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். இருபத்தேழாம் பிறைக்கு ஆயிரத்தைந்நூறு பேருக்கு அளவு வேண்டுமாம், மெஹராஜ்தான் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். கஞ்சி எப்படி இவ்வளவு நன்றாக வந்தது என்று கேட்டதற்குக் கரீம் பாட்சா, "எல்லாம் அந்தப் புள்ள பேப்பர்தான்" என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். நான் போய், "நோன்பு வச்சுக்கிட்டுப் பொய் சொல்லலாமா பாய்?" என்றேன். "எது பொய்? அந்தப் பேப்பர் இல்லேன்னா அடுப்பே பத்தியிருக்காதே" என்றார். மெஹராஜ் பையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். கட்டத்தில் புள்ளிக்கு இடம் விட்டாகிவிட்டது. ராபியா பக்கத்தில் டம்ளரோடு உட்கார்ந்து அரைக்காலை அளந்து காட்டுகிறாள், என்னோடும் பேசுகிறாள். ஆகவே மச்சான், மேலே எழுதியதில் சலாமையும் துஆவையும் மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு, மீதியை அடுப்பில் வைக்கவும். நல்ல கஞ்சி கிடைக்கும்.