கண் சிமிட்டிய மானிட்டரும் பஞ்சாயத்து அண்ணனும்

ஒரு மவுஸை நடுவீட்டில் உட்கார வைத்து, "உண்மையச் சொல்லு, ஒன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று விசாரித்து, அதனிடம் பதிலும் வாங்கிவிடக்கூடிய மனிதர் காரைக்குடி வட்டாரத்தில் ஒருவர்தான் இருக்கிறார். பஞ்சாயத்து அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்கள் கோட்டையூரில் யாருக்கும் தெரியாது. அவருடைய மனைவியே போனில், "உங்க பஞ்சாயத்து முடிஞ்சுச்சா, சோறு திங்க வாரீகளா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். ஆனால் ரிப்பேர் என்ற வார்த்தையை அவர் முன்னால் சொல்லிவிடக் கூடாது. விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்க மாட்டார், ஒரு பெட்ஷீட் கேட்பார். அதைத் தரையில் விரித்து, கம்ப்யூட்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி வரிசையாக உட்கார வைப்பார். எதன் மேல் சந்தேகமோ அதைத் தூக்கி, "நீ கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி உக்காரு" என்று ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டு மெஷினை ஓட்டிப் பார்ப்பார். நன்றாக ஓடினால் தள்ளி உட்கார்ந்ததுதான் குற்றவாளி. ஓடவில்லை என்றால் அதைத் தட்டிக் கொடுத்து, "மனசுல வச்சுக்காதப்பா" என்று சொல்லித் திரும்பச் சேர்த்துக்கொண்டு, அடுத்ததைத் தள்ளி வைப்பார்.

விசாரணை மெஷினோடு நிற்காது. வீட்டில் உள்ளவர்களையும் வரிசையாக உட்கார வைத்துக் கேட்பார். மெஷின் பொய் சொல்லாது, வீட்டுக்காரர்கள்தான் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் கீபோர்டில் காபியைக் கொட்டிவிட்டு, ஜன்னல் வழியாக மழைச் சாரல் அடித்துவிட்டது என்று சாதித்தார். அண்ணன் கீபோர்டை ஒரு விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, "எந்த ஊருல சாமி மழை சீனி போட்டுப் பெய்யுது?" என்றார். தப்பு யார் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அவர் விதிக்கும் அபராதம் ஒன்றுதான். பிள்ளையார்பட்டிக்குப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய். வாத்தியார் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த பஸ் ஏறினார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் வீட்டு வழக்குக்கு வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி வள்ளி ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யக் கற்றுக்கொண்டு, துணிந்து கடை வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மெஷினைப் போட்டு உட்கார்ந்தாள். சின்னச் சின்ன வேலைகள் வந்தன. பெரிய வேலை ஒன்று கையில் நின்றுவிட்டால் தொழில் நிலைத்துவிடும், இல்லையென்றால் மறுபடியும் பில் போடப் போக வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெரிய வேலை நேமத்தான்பட்டி நகரத்தார் வீட்டு ஆச்சி ஒருவர் ரூபத்தில் வந்தது. மகள் கல்யாண ஆல்பம். ஆச்சி நேரில் வந்து திரையில் பார்ப்பார். பிடித்தால் வள்ளிக்கு, பிடிக்காவிட்டால் மதுரை ஸ்டுடியோவுக்கு. மறுநாள் ஆச்சிக்குச் சிங்கப்பூர் விமானம் என்பதால் வாய்ப்பு அந்த ஒரு சாயங்காலம்தான்.

அவ்வளவு படங்களை எங்கள் பழைய மெஷின் தாங்காது என்று புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டும், அகலமான மானிட்டரும் வாங்கினோம். ஆச்சி வருவதற்கு முதல் நாள் பஞ்சாயத்து அண்ணன் வந்து மாட்டினார். மானிட்டர் பெட்டியிலேயே புதுக் கேபிள் ஒன்று பளபளவென்று கவருக்குள் இருந்தது. வள்ளியின் அப்பா, அதாவது என் மாமனார், எங்களோடுதான் இருக்கிறார். டிவி ரிமோட்டின் கவரையே இன்னும் பிரிக்காத மனிதர். புதுச் சாமானைப் பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அந்தக் கேபிளைக் கவரோடு வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அண்ணனும் அதைத் தடுக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு நீளமான பழைய கேபிளை உருவினார்.

"இது எத்தனை வீட்டுல வெளிச்சம் காட்டுன கேபிள் தெரியுமா மாப்ள? ராசியான கை இதுக்கு."

வள்ளியைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் நான் அவருக்கு மாப்பிள்ளை. மாட்டி முடித்ததும் இனி இந்த மெஷினில் ஏதாவது ஒரு குறை வந்தால் மீசையை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பியிருக்காது, வள்ளி முதல் பக்கத்தைத் திறந்தாள். மணப்பெண் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். அப்புறம் மாப்பிள்ளை சிமிட்டினார். அப்புறம் மொத்தத் திரையும் இருட்டாகி, வெளிச்சமாகி, மறுபடி இருட்டாகி, கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் நான் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். அண்ணன் வந்தார். பெட்ஷீட் விரிந்தது.

முதலில் எங்களை விசாரித்தார். நேற்றிலிருந்து யார் யார் மெஷினைத் தொட்டது, மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். அவர் கேட்கிற தோரணையில் கேட்காததும் வெளியே வந்துவிடும். வள்ளி பூஜை போடும்போது சாம்பிராணிப் புகையை நேராக மெஷினுக்குள்ளேயே காட்டியதை ஒப்புக்கொண்டாள். நான் அவள் இல்லாத நேரத்தில் அதில் சீட்டு விளையாடியதை ஒப்புக்கொண்டேன். மாமனார் ரொம்ப நேரம் மேலே பார்த்துவிட்டு, சர்க்கரை இருப்பதால் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் பெட்டிக்கடையில் தினமும் கடலைமிட்டாய் வாங்கித் தின்பதை ஒப்புக்கொண்டார். திரை ஏன் சிமிட்டுகிறது என்பதைத் தவிர எங்கள் குடும்பத்து உண்மை எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அடுத்து சாமான்கள். பிரிட்ஜை நிறுத்தச் சொன்னார், சிமிட்டியது. பேனை நிறுத்தினார், நாங்கள் வேர்த்தோம், அது சிமிட்டியது. யூபிஎஸ்ஸைத் தள்ளி உட்கார வைத்தார். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்து, காதோரம் வைத்து ஏதோ கேட்டு, மறுபடி மாட்டினார். கடைசியில் எங்கள் பழைய மானிட்டரைக் கொண்டுவரச் சொல்லி அதே கேபிளில் மாட்டினார். ஆடாமல் அசையாமல் நின்றது. புது மானிட்டரை மாட்டினார், சிமிட்டியது. அண்ணன் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

"குத்தம் புது மானிட்டர் மேலதான். கடையில திருப்பிக் குடுத்துருங்க. வேற வர நாலு நாளாகும்."

ஆச்சி வருவதற்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. பழைய மானிட்டரிலேயே காட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். வள்ளி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பழைய மானிட்டரில் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் தெரிந்தது. தறிக்காரரிடமே உட்கார்ந்து நூலின் நிறம் பார்த்துச் சேலை எடுக்கிறவர் ஆச்சி. வள்ளி மேஜை முன்னால் போய் உட்கார்ந்தாள். கடை வேலையை விட்ட அன்று எவ்வளவு சிரித்தாள் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

வள்ளி அழவில்லை. திரைக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளை லேசாக அசைத்தாள். திரை சிமிட்டியது. விட்டாள். மறுபடி அசைத்தாள். மறுபடி சிமிட்டியது.

"அண்ணே, எல்லாரையும் விசாரிச்சீக. ஒரு ஆள மட்டும் விட்டுட்டீக."

"யாரும்மா அது?"

"இந்தக் கேபிளு."

"அது நான் கொண்டாந்ததுல்ல?"

"அதான் அண்ணே சொல்லுறேன்."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதே கேபிளில் பழைய மானிட்டர் நன்றாக எரிந்ததே, அது எப்படி என்று சட்டம் பேசினார்.

"பழைய மானிட்டரு ஒரு கொடம் தண்ணி கேட்டுச்சு. புதுசு தொட்டி நெறையக் கேக்குது. கொழா அதே கொழாதானே அண்ணே?" என்றாள் வள்ளி.

அண்ணன் திரும்பி மாமனாரிடம் பீரோச் சாவியைக் கேட்டார். மாமனார் கவரைக் கிழிக்காமல் மாட்ட வழி இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். புதுக் கேபிள் குட்டை என்பதால் சி.பி.யு.வை ஒரு முக்காலியில் ஏற்றி வைத்து மாட்டினோம். மணப்பெண் கண்ணை அகல விழித்து எங்களைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். வள்ளி மேஜையைத் தட்டிப் பார்த்தாள், நான் பேனைப் போட்டேன், பிரிட்ஜைப் போட்டேன். ஒரு சிமிட்டல் இல்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கேபிள் கம்பெனியைத் திட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்ஷீட்டுக்கு நடுவே, அத்தனை நேரம் குற்றவாளிகளை உட்கார வைத்த இடத்தில் போய் நின்றார்.

"தப்பு எம்மேல. பெத்த பிள்ளைய விசாரிக்காம விட்ட மாதிரி விட்டுட்டேன். காய் நான் ஒடைக்கிறேன்" என்றார். சொன்ன கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆச்சி வந்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகத் திரை முன்னால் உட்கார்ந்தார். வள்ளி பக்கம் பக்கமாகத் திருப்பினாள். அரக்குப் பட்டு அரக்காகவே இருந்தது. ஆச்சி கண்ணை எடுக்காமல் பார்த்தார். பெண்ணை அனுப்பி வைக்கும் படம் வந்ததும் ஆச்சி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். தூணில் சாய்ந்துகொண்டு மகள் தனியாக அழுகிற படம்.

"ஏன் ஆத்தா, எம்மக இப்படியா அழுதா? சாமான் கட்டுற அவசரத்துல நான் பாக்கவே இல்லையே."

திரை ஆடாமல் நின்றது. ஆச்சிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது, இதையே அச்சுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, தம்பி மகன் கல்யாணம் தை மாதம் வருகிறது, அதையும் வள்ளிதான் செய்ய வேண்டும் என்றார்.

ஆச்சியின் கார் கிளம்பியபோது பஞ்சாயத்து அண்ணன் எதிர் வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மேலுதடு மொட்டையாக இருந்தது. சொன்ன சொல்லுக்கு மீசையையும் எடுத்துவிட்டிருந்தார் மனுஷன். உள்ளே வரத் தயங்கி, "நிக்குதா தங்கச்சி?" என்று அங்கிருந்தே கேட்டார். நிற்கிறது என்று சொல்ல வந்த வள்ளி, அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

மீசை முளைத்துவிட்டது. அவர் வெட்டிப் போடச் சொன்ன ராசிக் கேபிளை வள்ளி வெட்டவில்லை. பழைய மானிட்டரில் மாட்டி வைத்திருக்கிறாள், அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் மெஷினில் என்ன கோளாறு வந்தாலும் அவளே பார்த்துச் சரிசெய்துவிடுகிறாள். ஆனாலும் அண்ணன் இந்தப் பக்கம் வராமல் இரண்டு வாரம் ஆகிவிட்டால் போனை எடுத்து, "அண்ணே, இந்த மவுஸ் ஏதோ மொறைக்குது, ஒரு எட்டு வந்து விசாரிச்சுட்டுப் போங்க" என்பாள். மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வருவதற்குள் நான் பெட்ஷீட்டை எடுத்து விரித்து வைத்துவிடுவேன்.